போலீசிடம் கொடுத்த பொருள் கைக்கு வரும்வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும் இரவுகளில், தமிழ் மட்டும் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நான் போய் உட்காருவது வழக்கம். மணவிலக்கு, வாடகை, சம்பள பாக்கி என்று வருகிறவர்களுக்கு நடுவே, "போலீஸ் எடுத்துட்டுப் போன ஃபோன் எப்போங்க வரும்?" என்று கேட்டு ஒருவராவது வந்துவிடுவார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் என் அம்மாவின் வளையல்கள் 14 மாதம் காவல்துறையின் பாதுகாப்பில் இருந்தன. கீழே இருப்பதில் பாதி அப்போது கற்றது.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. என் பொருளை எடுத்துப்போக அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, மூன்று வகைப் பொருள்களைக் கைப்பற்றலாம் என்கிறது: குற்றத்துக்கு உள்ளானதாகச் சந்தேகிக்கப்படுபவை, குற்றம் செய்யப் பயன்பட்டதாகச் சந்தேகிக்கப்படுபவை, குற்றத்துக்குச் சான்றாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவை. நம்மில் பெரும்பாலோர் மாட்டுவது மூன்றாவதில்தான். பக்கத்து வீட்டுச் சண்டையை ஃபோனில் படம் பிடித்தவர், கடையில் கேமரா வைத்திருப்பவர், மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர், எல்லாரும் இதில் அடக்கம். பொருளின் சொந்தக்காரர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. கைப்பற்றாமல், "இதைக் கொண்டுவந்து கொடுங்கள்" என்று 20ஆம் பிரிவின்கீழ் எழுத்து மூலம் உத்தரவிடவும் முடியும்.

கொடுக்கும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

தாள். வாய் வார்த்தை எதுவும் பிறகு நிற்காது.

வீட்டைச் சோதனை போட்டு எடுத்தால், எடுத்த ஒவ்வொரு பொருளையும் அது இருந்த இடத்தோடு பட்டியல் போட்டு அதிகாரி கையெழுத்திட வேண்டும். சோதனையின்போது வீட்டுக்காரர் கூடவே இருக்கலாம், பட்டியலின் நகலையும் வாங்கிக்கொள்ளலாம். நிலையத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண், விசாரணை அதிகாரியின் பெயர், அவரது நேரடித் தொலைபேசி எண், தேதி ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியை இங்கே எல்லாரும் 'ஐஓ' என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அப்புறம், பட்டியலில் உங்கள் பொருள் எப்படி வர்ணிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஆறு வளையல்கள் திருடு போயின. நான்கு ஓர் அடகுக் கடையில் கிடைத்தன. அம்மா போய் அடையாளம் காட்டினார். எழுதப்பட்டது என்ன தெரியுமா? "மஞ்சள் நிற உலோக வளையல், 4." தங்கம் என்ற சொல்லே இல்லை. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் அதிகாரியின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் தட்டார் இல்லை. உரசிப் பார்க்காத பொருளைத் தங்கம் என்று எழுதிவிட்டு, பிறகு அது பித்தளை என்று தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். எனக்கு இன்றும் இருக்கிற வருத்தம், எடையை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை என்பது. வளையல்கள் திரும்பி வந்தபோது நான்கில் ஒன்று எங்களுடையது இல்லை. அதே வழக்கில் இன்னொரு குடும்பத்தின் வளையல்களும் இருந்திருக்கின்றன. "இது என்னோடது இல்லப்பா. என்னோடதுல முத்திரைக்குப் பக்கத்துல ஒரு நெளிசல் இருக்கும்" என்று அம்மா மேசையிலேயே சொல்லிவிட்டார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொன்னதால் மூன்று வாரத்தில் சரியானது.

ஆகவே நகை என்றால் கிராம் கணக்கில் எடை, 916 முத்திரை, கல், நெளிசல், பற்றவைத்த இடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஃபோன் என்றால் அந்த ஃபோனுக்கே உரிய ஐஎம்இஐ எண் (*#06# அழுத்தினால் வரும்), திரையில் ஏற்கெனவே இருக்கும் கீறல். ரொக்கம் என்றால் எந்த நோட்டு எத்தனை என்ற கணக்கு. "2,000 வெள்ளி" (சிங்கப்பூர் டாலர்) என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. கொடுப்பதற்கு முன் நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் நகை வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்காரர் அதில் எழுதும் எடை வேறு எந்தத் தாளிலும் கிடைக்காது.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. புரியாமல் கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். உங்கள் வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பட்டியலுக்கும் அதையே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரச் சற்று நேரமாகலாம். காத்திருங்கள்.

ஃபோனை எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையே நின்றுபோன மாதிரி இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

மிகையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பாதி நின்றுவிடும். 2024இலிருந்து இங்குள்ள பெரிய வங்கிகள், மின்னிலக்க டோக்கன் வைத்திருப்பவர்கள் உள்நுழையக் குறுஞ்செய்தி எண் அனுப்புவதைக் கைவிட்டு வருகின்றன. உள்நுழைவது நீங்கள்தான் என்று வங்கிக்கு உறுதிசெய்யும் அந்த டோக்கன் இருப்பது ஃபோனுக்குள். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் செயலியும் அதில்தான். ஃபோன் போனால் வங்கியும் அரசாங்கச் சேவைகளும் சேர்ந்தே போகின்றன.

கொடுக்கும் மேசையிலேயே, முக்கியமான நாலைந்து எண்களைக் குறித்துக்கொள்ளலாமா என்று ஐஓவிடம் கேளுங்கள். மனைவியின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாதவர்கள்தானே நாம்! பொதுவாக மறுக்க மாட்டார்கள், ஆனால் ஃபோனை நீங்களே தொட விடமாட்டார்கள். அவர்கள் பார்த்துச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கப்போவதாக அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புதிய சிம் உயிர்பெற்றதும் பழையது செத்துவிடும். வாட்ஸ்அப்பைப் புதிய ஃபோனில் பதிந்தால் பழைய ஃபோனில் வெளியேறிவிடும். விசாரணைக்கு அது இடைஞ்சலா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்கு அடையாள அட்டையோடு போய் சிம் வாங்குங்கள். சிங்பாஸைப் புதிய ஃபோனில் அமைத்துவிட்டு, பிறகு வங்கி டோக்கனை மாற்றுங்கள். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறைவு.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. தொலைவிலிருந்து ஃபோனை அழிக்கும் வசதி பல ஃபோன்களில் உண்டு. குடும்பப் படங்களைப் போலீஸ் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அதை அழுத்தப் போன ஓர் இளைஞரை நாங்கள் தடுத்தோம். கணக்கில் சேமித்து வைத்த உரையாடல்களை அழிப்பதும் அதே கதைதான். நீதியின் போக்கைத் தடுத்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவு பாயலாம். அதற்கு 7 ஆண்டுவரை சிறை. சாட்சியாகப் போனவர் குற்றவாளியாகத் திரும்ப வேண்டாம்.

கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். மறுக்கலாமா?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ் கணினியையும் ஃபோனையும் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. திறக்க உதவும்படி உங்களைக் கேட்கவும் முடியும். நியாயமான காரணமின்றி மறுத்தால் 5,000 வெள்ளிவரை அபராதம், 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கொடுத்த கடவுச்சொல்லை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் அன்றே அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள். சந்தேகம் போலீஸ் மீது இல்லை. எழுதிக் கொடுத்த எந்தக் கடவுச்சொல்லுக்கும் இதுதான் முறை.

காரில் இருந்த கேமராவின் மெமரி கார்டைக் கேட்கிறார்கள்.

கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பெயரைக்கூட மாற்றாதீர்கள். அந்த கார்டைத் திரும்பவும் காரில் செருகி ஓட்டினால் பழைய காட்சிமேல் புதியது பதிந்துவிடும். விபத்து நடந்த உடனேயே கழற்றி ஓர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

அதே சட்டத்தின் 370ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பற்றிய பொருள் இனி எந்த விசாரணைக்கும் தேவையில்லை என்று அதிகாரி கருதும்போது, அல்லது கைப்பற்றி ஓராண்டு ஆனதும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, அவர் மாஜிஸ்திரேட்டிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். உரியவரிடம் ஒப்படைக்கலாமா, இன்னும் வைத்திருக்கலாமா என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார்.

பலர் இதை "ஒரு வருஷத்தில் வந்துவிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. ஓராண்டில் வருவது அறிக்கை. வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் பொருள் அங்கேயே இருக்கும். வழக்கு முடிந்த பிறகு பொருளை என்ன செய்வது என்று நீதிமன்றம் 364ஆம் பிரிவின்கீழ் உத்தரவிடும். மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை அந்த உத்தரவும் பொதுவாகக் காத்திருக்கும். கெட்டுப்போகும் பொருள்களுக்கு மட்டும் வேறு கணக்கு: விற்றுப் பணமாக்கச் சொல்லலாம். மளிகைக் கடைக்காரர்கள் கவனிக்க.

சீக்கிரம் வேண்டும் என்றால் யாரைப் பார்ப்பது?

முதலில் ஐஓவைத்தான். ஆனால் "எப்போ சார் தருவீங்க?" என்று வாரத்துக்கு மூன்று முறை ஃபோன் அடிப்பதால் ஒன்றும் நகராது. மின்னஞ்சல் எழுதுங்கள். புகார் எண், பட்டியலில் உள்ளபடி பொருளின் பெயர், ஏன் தேவை என்பதற்கு ஒரே ஒரு உண்மையான காரணம். "கடையின் கணக்கு முழுதும் அந்த மடிக்கணினியில் இருக்கிறது, வரி தாக்கல் செய்யும் நாள் நெருங்குகிறது" என்பது காரணம். "எனக்கு அது ரொம்ப முக்கியம்" என்பது காரணம் இல்லை. பொருளே வேண்டுமா, உள்ளே இருக்கும் கோப்புகளின் நகல் போதுமா என்றும் சொல்லுங்கள். நகல் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். சில பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டு, கேட்கும்போது கொண்டுவருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் நடக்கிறது.

ஐஓ மாற்றலாகிப் போவது அடிக்கடி நடக்கிற விஷயம். மின்னஞ்சலுக்கு இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் நிலையத்துக்கு அழைத்து, புகார் எண்ணைச் சொல்லி, இப்போது வழக்கு யார் கையில் என்று கேளுங்கள். அதற்கும் மேல் போக வேண்டுமானால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இரவு இருக்கிறது. அவர் கடிதம் எழுதிப் பொருளை வாங்கித் தர முடியாது. ஆனால் கோப்பை யாராவது ஒருவர் மேசையிலிருந்து எடுத்துப் பார்ப்பார். என் அனுபவத்தில் பாதி வழக்குகளில் அது போதும்.

வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதுவும் "பொருள்" தானா?

ஆமாம், 35ஆம் பிரிவில் கணக்கில் இருக்கும் பணமும் அடங்கும். அறிமுகமில்லாத ஒருவரின் பணம் உங்கள் கணக்குக்கு வந்து போயிருந்தால் இது நேரலாம். "நண்பர் கேட்டார், கணக்கைக் கொடுத்தேன்" என்று வருகிற பையன்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. சாப்பாடு, வாடகை, வீட்டுக் கடன், மருந்து, வரி, காப்புறுதிச் சந்தா, வழக்கறிஞர் கட்டணம் போன்றவற்றுக்காக ஒரு பகுதியை விடுவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க அதே பிரிவில் வழி இருக்கிறது. ரசீதுகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். வசதி இல்லாதவர்கள் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவச ஆலோசனைக்குப் பதியலாம்.

திருடு போன நகை அடகுக் கடையில் கிடைத்தது. எனக்குத்தானே வரும்?

பெரும்பாலும் வரும், ஆனால் தானாக வராது. அடகுக் கடைக்காரரும் பணம் கொடுத்திருக்கிறார். அவருக்கும் உரிமை கோர இடம் உண்டு. இருவர் ஒரே பொருளைக் கேட்டால், ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களில் மாஜிஸ்திரேட் இரு தரப்பையும் கேட்டு யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்வார். அங்கே "என் பாட்டி போட்டது" என்று அழுதால் போதாது. ரசீது, கல்யாணப் படத்தில் அந்த நகை கழுத்தில் தெரிவது, முன்பு எப்போதாவது அதே நகையை அடகு வைத்து மீட்டிருந்தால் அந்தச் சீட்டு, இவைதான் பேசும். எங்களுக்கு உதவியது என் தங்கையின் சீமந்தப் படம். அம்மாவின் கையில் நெளிசல்கூடத் தெரிந்தது.

காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டது. இப்போது பொருள் கிடைத்திருக்கிறது.

நிறுவனத்திடம் சொல்லுங்கள். பணமும் பொருளும் இரண்டும் உங்களுக்கு என்று ஆகாது.

வண்டி?

வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயின் 10 ஆண்டுக் கணக்கு, வண்டி போலீஸ் வளாகத்தில் நிற்கிறது என்பதற்காக நிற்காது. சாலை வரி, காப்புறுதி எப்போது முடிகின்றன என்று பார்த்து வையுங்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் கேஷ்கார்டு, பிள்ளைகளின் பள்ளிப் பை, சாமி படம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். ஓட்டிய தூரத்தைக் காட்டும் எண்ணைப் படம் எடுங்கள்.

நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். ஃபோனும் கடப்பிதழும் போலீசிடம் இருக்கின்றன. ஊருக்கு எப்படிப் போவேன்?

விசாரணைக்குத் தேவைப்படுகிறவரின் கடப்பிதழை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அனுமதி முடிந்துபோனால் தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் தருவார்கள். அதன் தேதியைத் தவற விடாதீர்கள். முதலாளியோ ஏஜென்டோ கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை.

ஃபோன் விஷயத்தில் தம்பிமார்களுக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. வேலை நேர அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படமாக அதில்தான் வைத்திருப்பார்கள். நாளை சம்பள வழக்குப் போட்டால் அவைதான் ஆதாரம். அவற்றின் நகல் வேண்டும் என்று ஐஓவுக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். இன்னும் ஃபோனைக் கொடுக்காதவர்கள், மாதம் ஒருமுறை அந்தப் படங்களை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். லிட்டில் இந்தியா பக்கம், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பினரைப் பார்த்தால் கடிதம் எழுத உதவுவார்கள்.

இறந்துபோன அண்ணனின் ஃபோனும் பணப்பையும் போலீசிடம் இருக்கின்றன.

இயற்கைக்கு மாறான மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி காரணத்தைக் கண்டறியும்வரை அவை தேவைப்படலாம். அவசரப்படுத்த வேண்டாம். விசாரணை முடிந்ததும் குடும்பத்தில் யார் பெற்றுக்கொள்வது என்பதை முன்பே பேசி ஒருவர் பெயரைக் கொடுங்கள். அண்ணியும் அம்மாவும் தனித்தனியே கேட்டுப்போய் நின்றால் இழுபடும். அந்த ஃபோனின் கட்டணத்தை நிறுத்துவதற்கு முன், அந்த எண்ணுக்கு வங்கிச் செய்தி எதுவும் வர வேண்டியிருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

போலீஸ் என்று ஒருவர் ஃபோன் செய்தார். வீட்டிலிருக்கும் நகையை ஆதாரமாக ஒப்படைக்கச் சொல்கிறார். புளோக்கின் கீழே ஆள் வருவாராம்.

கொடுக்காதீர்கள்! அது போலீஸ் இல்லை. ரொக்கத்தையும் தங்கத்தையும் "விசாரணைக்காக" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல் அது. ஃபோனில் பேசி நகையை ஒப்படைக்கச் சொல்வதோ, பணத்தை அனுப்பச் சொல்வதோ அரசாங்க அதிகாரிகளின் வழக்கம் இல்லை. உண்மையான அதிகாரி வந்தால் அவரது அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம், அவர் சொல்லும் நிலையத்துக்கு நீங்களே அழைத்துக் கேட்கலாம். அதற்கெல்லாம் அவர் கோபப்பட மாட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டினால் அதுவே போதுமான அடையாளம். மோசடி பற்றிக் கேட்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பார்க்கும்படி குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

திரும்ப வாங்கப் போகும்போது?

அடையாள அட்டை, ஒப்புகைச் சீட்டு, நீங்கள் எடுத்த பழைய படங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் வேறொருவரை அனுப்பலாமா, என்ன கடிதம் வேண்டும் என்று ஐஓவிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மேசையில் பை பிரிக்கப்படும்போது அவசரப்படாதீர்கள். பின்னால் ஆள் நிற்கிறார் என்று கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள். பட்டியலில் உள்ள வரியை விரலால் தொட்டு, பொருளைப் பாருங்கள். ஃபோனுக்கு ஒரு சார்ஜர் கொண்டுபோங்கள். ஓராண்டு சும்மா கிடந்த பேட்டரி வீங்கியிருக்கலாம். பின்மூடி தூக்கியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், நேரே பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். கீறல், உடைசல், குறைவு எதுவாக இருந்தாலும் பெற்றுக்கொள்ளும் தாளிலேயே அதை எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள். எழுத மறுத்தால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

நகை என்றால் அன்றே, வீட்டுக்குப் போகும் வழியில், தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பாருங்கள். அம்மா அப்படித்தான் செய்தார். கடைக்காரர் தராசில் வைத்து எண்ணைச் சொன்னதும், நாலு வளையலையும் அங்கேயே கையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.